காப்புக் கட்டியிருந்தேன்

இப்பப் பஸ்ஸு கோயிலைத் தாண்டயில கன்னத்துல போட்டுக்கிட்டீகளே தம்பி, ஏதும் வேண்டுதலா? சும்மா கேட்டேன். என்னன்னு சொல்ல வேண்டாம். ஆனா ஒண்ணு, வேண்டினா செஞ்சிரணும். அதுல சால்ஜாப்பு ஆகாது. நல்லமுத்தூர்ல வந்து காளிராசுன்னு கேட்டுப் பாருங்க. மனுசனுக்குச் சொன்னதை முன்னப்பின்ன ஆக்கியிருப்பான், மாரியாத்தாளுக்குச் சொன்னதை மீறினதில்லன்னு ஊரே சொல்லும்.

எங்க ஊர்ல சங்கிலின்னு ஒருத்தன் இருந்தான். மாட்டுக்குக் கோமாரி வந்தப்ப, மாடு பொழைச்சா சேவல் அறுக்கிறேன்னு ஆத்தாளுக்கு நேந்தான். மாடு பொழைச்சிருச்சு. இவன் ஒரு முட்டையைக் கொண்டு போய்க் கோயில் வாசப்படியில வச்சிட்டு, 'பொரிச்சு வளத்துக்கோ தாயி'ன்னு சொல்லிட்டு வந்துட்டான். ஊரே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். அடுத்த வருசமே அவனுக்கு ஒரு கண்ணு போச்சு. சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருக்கு முட்டைக் கதை தெரியுமா? அதைப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு பயம். பயம்னா பயம் இல்ல, ஒரு ஒழுங்கு.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, எம் பொண்டாட்டி எங்கூடப் பேசுறதில்ல. வருசம் திரும்பிருச்சு. ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம். சோறாக்கி வச்சிருவா, செம்புல தண்ணி வச்சிருவா, துணி துவைச்சுப் போட்டுருவா. பேச்சு மட்டும் கெடையாது. கோழிகிட்டப் பேசுறா தம்பி. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகிட்டப் பேசுறா. நான் இருமினாக் கூடத் திரும்ப மாட்டா. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, எம் பேர்ல என்ன தப்புன்னு. வெளியாள்தான் நியாயம் சொல்ல முடியும். உள்ளூர்க்காரன் எல்லாம் இப்ப அவ பக்கம் சாஞ்சிட்டான்.

எங்களுக்கு ஒரே மக. மாரீஸ்வரி. சாத்தூர் போற வழியில ஒத்தப்பனை விலக்குன்னு வரும், இந்தப் பஸ் நிக்கும். அங்க இறங்கிக் கொஞ்சம் உள்ள நடந்தா முடுக்கன்பட்டி. அங்கதான் குடுத்தோம். மாப்பிள்ளை பேரு பொன்னுப்பாண்டி. சொந்தமாத் தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காரு. ஆபீஸ்னா என்ன, குச்சி அடைக்கப் பொம்பளையாளுக நிறைய வரும், வேன் வச்சிக் கூட்டி வருவாரு. தோட்டம், கிணறு, மாடி வீடு. எங்களுக்கெல்லாம் அது மேல்படி. சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சு, 'மாமா, நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்'னாரு. நல்ல மனுசன்தான். கோவம் மட்டும் கொஞ்சம் கூட.

ஒரு தடவ பிள்ளை தனியா பஸ் ஏறி வந்துட்டா. உதடு வீங்கிக் கெடந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். 'வழுக்கி விழுந்துட்டேன்'னா. அவ அம்மாகிட்ட மட்டும் வேற சொல்லியிருக்கா. ஆபீஸ்ல பண்டல் கட்டுற பையன்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டான்னு அடிச்சிட்டாராம். குருவம்மா, அதான் எம் பொண்டாட்டி, என்கிட்ட வந்து மூக்கைச் சிந்துறா. நான் சொன்னேன், ஆம்பளைக்குக் கோவம் வராமயா இருக்கும், இவளும் கொஞ்சம் அடக்கமா இருந்துக்கிடணும்னேன். நாலு பேரு கேக்குறதுக்கு முன்னாடி கொண்டு போய் விட்டுரணும். கல்யாணம் ஆன மக வீட்டுக்கு வந்து தங்கிட்டான்னு வைங்க, முதல் வாரம் மக வந்திருக்கான்னு சொல்லுவாக, ரெண்டாவது வாரம் மக வாழலைன்னு சொல்லுவாக. எங்க ஊரு அப்படி. எந்த ஊருதான் அப்படி இல்ல?

கொண்டு போய் விட்டேன். மாப்பிள்ளையும் மரியாதையாத்தான் காப்பி குடுக்கச் சொன்னாரு. இவ அடுப்படிக் கதவைப் பிடிச்சிக்கிட்டு நான் போறதையே பாத்துக்கிட்டு நின்னா. ஊருக்கு வந்து வீட்டுக்குக் கூடப் போகலை, நேரா ஆத்தா கோயிலுக்குத்தான் போனேன். தாயி, எம் மக அந்த வீட்டுல நல்லபடியா நிலைச்சுட்டா, வர்ற பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிப் பூக்குழி இறங்குறேன்னு வேண்டினேன். யாருக்காக வேண்டினேன்? எனக்காகவா? அவளுக்காகத்தான தம்பி. இதைத்தான் குருவம்மா மறந்துட்டா.

ஆத்தா செவி சாச்சுட்டா. அதுக்கப்புறம் பிள்ளை வரவே இல்ல. தைப் பொங்கலுக்கு வரலை, மாசியில குலசாமி களரிக்கு வரலை. போன் போட்டா மாமியாக்காரிதான் எடுப்பா, 'நல்லா இருக்கா, மாடியில துணி காயப் போடுறா'ம்பா. நிலைச்சுட்டான்னு நானும் நிம்மதியா இருந்தேன். கேட்டது கெடச்சிருச்சு, இனி நம்ம பாக்கி. பங்குனியில கொட்டடிச்சுப் பொங்கல் சாட்டினாக. நான் போய்க் காப்புக் கட்டிக்கிட்டேன்.

உங்க பக்கம் எப்படின்னு தெரியலை. எங்க ஊர்ல காப்புன்னா விளையாட்டு இல்ல. மஞ்சக் கயித்துல வேப்பிலை முடிஞ்சு பூசாரி கையில கட்டிட்டாருன்னா, பூக்குழி இறங்குற வரைக்கும் அவன் ஆத்தாளுக்குச் சொந்தம். கோயில் மண்டபத்துலதான் படுக்கை. அடுத்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது. எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஊரெல்லை தாண்டக் கூடாது. அதுதான் முக்கியம். எல்லையில ஒரு கல்லு இருக்கு, அந்தக் கல்லுக்கு அந்தாண்ட காலு போகக் கூடாது.

காப்புக் கட்டின பொறகுதான் பிள்ளைகிட்ட இருந்து போன் வந்துச்சு. அவ போனை மாமியாக்காரி வாங்கி வச்சிக்கிட்டாளாம், ஆபீஸுக்கு வர்ற ஒரு பொம்பளை போன்ல இருந்து பேசினா. 'அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க'ன்னா. என்னம்மா ஆச்சுன்னேன். 'ஒண்ணும் கேக்காதீங்கப்பா, வந்து கூட்டிட்டு மட்டும் போங்க. தனியா வெளிய விட மாட்டேங்கிறாக. நீங்க வந்து நின்னா விட்டுருவாக'ன்னா. நான் சொன்னேன், தாயி, நான் காப்புக் கட்டியிருக்கேன், உனக்காகத்தான் கட்டியிருக்கேன், பூக்குழி முடிஞ்ச மறுநாள் விடிய வந்துர்றேன், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோன்னேன். பெறகு 'சரிப்பா'ன்னா. சரின்னுதான் தம்பி சொன்னா. அதை யாரும் ஞாபகம் வச்சிக்கிட மாட்டேங்கிறாக.

அடுத்த தடவ போன் வந்தப்ப, அது சார்ஜுக்கு வீட்டுல கெடந்துச்சு, குருவம்மா எடுத்துட்டா. என்ன பேசினாகளோ. போனை வச்சிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கிட்டு கோயிலுக்கு வந்துட்டா. மண்டபத்துல எல்லாரும் இருக்காக, நான் காப்புக் கட்டி உக்காந்திருக்கேன்.

'நீங்க போக வேண்டாங்க, நான் போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்'ங்கிறா. 'எனக்குக் கட்டு இல்லல்ல?'

அப்படிக் கேக்குறதே தப்பு. நான் பொறுமையாத்தான் சொன்னேன். வீட்டுல ஒருத்தன் காப்புக் கட்டினா அது வீட்டுக்கே கட்டினது. நீ இந்த வீட்டுல சோறு திங்கிறவ, நீ எல்லை தாண்டினா நான் தாண்டினதுதான். ஆத்தா கோவத்துக்கு யார் பதில் சொல்றது? அந்தக் கோவம் நம்ம பிள்ளை தலையில விடிஞ்சா என்ன பண்ணுவேன்னேன். பிள்ளை தலையிலன்னு சொன்னதும் அடங்கிட்டா. திரும்பிப் போயிட்டா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. ஒருத்தன் வாயைத் திறந்து, காளிராசு, நீ சொல்றது தப்புன்னு சொன்னானா? இன்னிக்குத்தான எல்லாரும் பேசுறான்.

இப்ப என்ன சொல்றாகன்னா, மில்லுக்குப் போற பயலுக அஞ்சாறு பேரு காப்புக் கட்டிக்கிட்டே தினம் வேலைக்குப் போயிட்டு வந்தான்ல, அவனுக எல்லை தாண்டலையா, நீ மட்டும் ஏன் போகலைன்னு கேக்காக. அது வேற, இது வேற. அவன் வயித்துப்பாட்டுக்குப் போறான். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்துர்றான். ஆத்தாளுக்கு அது தெரியும். நான் போறது பந்தபாசத்துக்குப் போறது. விரதத்துல பாசம் கூடாது. இதெல்லாம் இவனுகளுக்கு யாரு எடுத்துச் சொல்றது.

நானும் ஒரு தடவ தாண்டினேன். மறைக்க மாட்டேன், ஊருக்கே தெரியும். மைக்செட்காரன் அட்வான்சை வாங்கிட்டு வேற ஊருக்கு ஒத்துக்கிட்டான்னு பேச்சு வந்துச்சு. நான் விழாக் கமிட்டியில இருக்கேன். நேர்ல போய்ப் பிடிச்சாத்தான் வருவான், சாத்தூர் போயிட்டு வான்னு தலைவர் சொன்னாரு. அது சாமி காரியம். கயித்துல ஒரு துளி விபூதி தொட்டு வச்சிக்கிட்டு இதே பஸ்ல போனேன். ஒத்தப்பனை விலக்குல பஸ் நின்னுச்சு. ரெண்டு பேரு இறங்கினாக. நான் இறங்கலை. இறங்கியிருக்கலாம், யாரு பாக்கப் போறா? ஆனா சாமி காரியமாப் போறப்ப சொந்தக் காரியத்தைப் பாக்குறது துரோகம். உக்காந்த இடத்தை விட்டு அசையலை. அப்படி ஒரு வைராக்கியம் எத்தன பேருக்கு வரும்?

பஸ் கிளம்பவும் போன் அடிக்குது. எடுத்தா, மாரீஸ்வரி.

'அப்பா, பஸ் சத்தம் கேக்குதே. எங்க இருக்கீங்க?'ன்னா.

குரல்ல ஒரு சந்தோசம் தம்பி. அதை நெனச்சா இப்பவும் என்னமோ பண்ணுது. நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டா போல.

'ஊர்லதாம்மா இருக்கேன். கோயில் வாசல்ல பஸ் நிக்குது'ன்னேன்.

வேற என்ன சொல்ல முடியும்? உங்க விலக்கைத் தாண்டிப் போறேன்னு சொன்னா வருத்தப்படுவா. ஆனா காப்புக் கட்டிக்கிட்டுப் பொய் சொல்றது தப்பு, அதை நான் ஒத்துக்கிடுறேன். அதனாலதான் ஊருக்கு வந்த கையோட ஆத்தாளுக்குத் தேங்காய் உடைச்சு, தாயி, வாய் தவறிருச்சு, பொறுத்துக்கோன்னு கேட்டுக்கிட்டேன். தேங்காயும் சரிபாதியா உடைஞ்சுச்சு. அதுக்கப்புறம் போனை அமத்தி வீட்டுப் பரண்ல போட்டுட்டேன். இந்தப் போன் இருக்கிற வரைக்கும் ஆளை நிம்மதியா விரதம் இருக்க விடாது.

பூக்குழியன்னிக்கு விடியக்காலம் குருவம்மா என்ன செஞ்சா தெரியுமா? முதல் பஸ் ஏறிப் போயிட்டா. எங்கிட்டச் சொல்லலை. நான் மண்டபத்துல இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்? மேக்க ஆடு பத்திட்டுப் போனவன் பாத்திருக்கான். எல்லைக்கல்லுகிட்டப் போய்க் கொஞ்ச நேரம் நின்னாளாம். கல்லைத் தொட்டுக் கும்பிட்டாளாம். பெறகு தாண்டிப் போய் பஸ்ஸை மறிச்சு ஏறிட்டாளாம்.

இவ அங்க போய்ச் சேரயில பிள்ளையைக் கிணத்துல இருந்து எடுத்துத் தோட்டத்துல போட்டிருந்தாக.

ஆமா தம்பி. எம் மகதான்.

தண்ணி எடுக்கப் போனவ தவறி விழுந்துட்டான்னு சொன்னாக. அந்தத் தோட்டத்துல மோட்டார் இருக்கு, வீட்டுக்குள்ள குழாய் இருக்கு. இருந்தாலும் ஏதோ தேவைன்னு போயிருக்கலாம்ல. நாம கண்டமா? போலீஸ் வந்து கேட்டப்பவும் நான் அதைத்தான் சொன்னேன். எம் மருமகன் மேல எனக்குச் சந்தேகம் இல்லைன்னேன். போன உசிரு வரப் போகுதா? அந்த வீட்டுக்காரங்களோட மல்லுக்கு நிக்க நமக்குத் தெம்பு இருக்கா? குருவம்மா ஒரு ஓரமா உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அழுகை இல்ல, ஒண்ணும் இல்ல. என்னமோ இப்பத்தான் புதுசா ஒரு ஆளைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தா.

இருங்க, முன்னப்பின்னச் சொல்லிட்டேன். அதுக்கு முந்தி பூக்குழி இருக்குல்ல. குருவம்மா அங்க இருந்து கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டிருக்கா, என்னைக் கூட்டிட்டு உடனே வரச் சொல்லி. அப்ப காலையில பத்துப் பதினொரு மணி இருக்கும். அவரு யார்கிட்டயும் சொல்லாம அமுக்கிட்டாரு. காப்புக் கட்டினவன் வீட்டுல சாவுன்னு தெரிஞ்சா தீட்டு, பூக்குழியே நின்னுரும். ஊரே திரண்டு நிக்குது, பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் சனம் வந்திருக்கு. அவரு செஞ்சதும் ஒரு வகையில சரிதான். நான் அவரைக் குத்தம் சொல்லலை.

பொழுது சாய இறங்கினேன். நல்லா விளைஞ்ச தணல். மஞ்சத் துணியைக் கட்டிக்கிட்டு, கையில வேப்பிலையைப் பிடிச்சுக்கிட்டு, எம் பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டே நடந்தேன். மாரீஸ்வரி மாரீஸ்வரின்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். சனமெல்லாம் ஆத்தாளைக் கூப்பிடுறதா நெனச்சுக் குலவை போடுது. ஒரு கொப்புளம் இல்ல தம்பி. எனக்கு முன்னாடி இறங்கினவனுக்கு உள்ளங்கால் வெந்து போச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல. பால் ஊத்தின குழியில காலை வச்சிட்டு நிமிந்து பாக்குறேன், தலைவர் நிக்காரு, பூசாரி நிக்காரு, ஒருத்தரும் எம் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறாக. பூசாரி வந்து காப்பை அறுத்துட்டுத்தான் விசயத்தைச் சொன்னாரு.

அப்படியே உக்காந்துட்டேன். பெத்தவன்தான நானு, கல்லா? எங்களுக்கு வேற யாரு இருக்கா? ஆனா ஒண்ணு சொல்றேன், வேண்டுதல்ல குறை வச்சிருந்தா எனக்குக் காலு வெந்திருக்கணும். வேகலை. அப்ப எம் பக்கம் குறை இல்லைன்னு ஆத்தாளே சொல்லிட்டா. பெறகு எங்க குறைன்னு யோசிச்சுப் பாருங்க. எல்லைக்கல்லைத் தாண்டினது யாரு? நான் சொல்லலை. எங்க ஊர்ல ஒண்ணு ரெண்டு பேரு சொன்னாக. பிள்ளை விழுந்தது விடியறதுக்கு முந்தி, இவ பஸ் ஏறினது விடிஞ்ச பொறகுன்னு கணக்குச் சொல்றவனும் இருக்கான். சாமிக்கு நேரம் காலமெல்லாம் உண்டா? இவ தாண்டணும்னு மனசுல நெனச்சப்பவே தாண்டினதுதான. சரி, அதை விடுங்க. அவளை நான் ஒரு வார்த்தை கேக்கலை. பெத்த வயிறு.

கருமாதி எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். சோத்தைப் போட்டவ எதிர்ல உக்காந்தா. கல்யாணமான நாள்ல இருந்து என்னை 'நீங்க'ன்னு தவிர கூப்பிட்டதில்ல. அன்னிக்கு, 'நீ ஆத்தாகிட்ட என்னன்னு வேண்டின?'ன்னா.

உனக்குத்தான் தெரியுமே, பிள்ளை நல்லா இருக்கணும்னு வேண்டினேன்னேன்.

'அது எனக்குத் தெரியும். வேண்டின வார்த்தையைச் சொல்லு. கோயில்ல நின்னு வாயால சொன்னேல்ல, அந்த வார்த்தை.'

சாமி விசயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னேன். தாயி, எம் மக அந்த வீட்டை விட்டு எந்தக் காலத்துலயும் திரும்பி வராம நிலைச்சுரணும், அப்படித்தான் வேண்டினேன்னேன்.

இதுல என்ன தம்பி தப்பு? பொண்ணைக் கட்டிக் குடுத்த எந்தத் தகப்பனும் இதைத்தான் வேண்டுவான். வாழாம வந்துரக் கூடாதுன்னுதான வேண்டுவான். நீங்களும் நாளைக்கு ஒரு பொண்ணைப் பெத்துக் கட்டிக் குடுத்தா இதைத்தான் வேண்டுவீக. அவ, 'திரும்பி வராம'ன்னு ஒரு தடவ சொன்னா. 'எந்தக் காலத்துலயும்'னு ஒரு தடவ சொன்னா. சொல்லிட்டு, 'உனக்குக் குடுத்துட்டா பாத்தியா'ன்னா.

கோவத்துல சொல்றா, ஆனா அதுவும் நெசம்தான. ஆத்தா வாக்குத் தப்பலை. அந்த ஊரு மண்ணுலதான எம் பிள்ளை கெடக்கா.

எந்திரிச்சுப் போனா. நேரா கோயிலுக்குப் போயிருக்கா. நானும் கையைக் கழுவிட்டுப் பின்னாலயே ஓடினேன். நடை சாத்தியிருக்கு. வாசப்படியில சூடத்தைப் பொருத்தி, உள்ளங்கையால அணைச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றா. 'தாயி, எம் மக வந்து எங்க வீட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும் இந்த மனுசன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா என்னையும் எடுத்துக்கோ'ன்னு. சொல்லிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. அன்னிக்கு அடைச்ச வாய்தான்.

நான் என்ன செய்ய முடியும்? அடிச்சுப் பேச வைக்கலாம்னான் எம் மச்சினன். எப்படி முடியும்? அவ எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா, சமாதானம் பண்ணலாம், காலைப் பிடிக்கலாம். ஆத்தாகிட்டல்ல சொல்லிட்டா. அதை மீறுன்னு எந்த வாயால சொல்லுவேன்? சாமிகிட்டச் சொன்னதை மீறக் கூடாதுன்னு சொன்னவனே நான்தான. ஆனா தாங்க முடியலை தம்பி. வீட்டுக்குள்ள ஒரு பேச்சுக் குரல் கேக்காம இருக்கிறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. சில நாளு நானே ரேடியோவைச் சத்தமா வச்சிட்டுத் தெருவுல போய் நின்னுக்கிடுவேன், வீட்டுக்குள்ள ஆள் பேசுற மாதிரி இருக்கட்டும்னு.

கடைசியில எங்க பூசாரிகிட்டயே போய்க் கேட்டேன். வெயிலுமுத்துன்னு பேரு, வயசாளி. இதுக்கு ஏதாச்சும் பரிகாரம் இருக்கான்னு கேட்டேன். அந்த மனுசன் என்னன்னா, முதல்ல பழசைக் கிளறுறாரு. 'ஏம்ப்பா காளிராசு, எல்லைக்கு வெளிய ராத் தங்கக் கூடாதுங்கிறதுதான கட்டு. பகல்ல போயிட்டு வரலாம்ல. அப்படியும் மனசு கேக்கலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காப்பை அவுத்து விட்டிருப்பேனே'ங்காரு. இதை இப்பச் சொல்றாரு பாருங்க. நான் கேக்கலையாம். அவருல்ல சொல்லியிருக்கணும்? காப்புக் கட்டயிலேயே எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கெதி வருமா?

சரி, போகட்டும். அவருதான் இந்த வழியும் சொன்னாரு. அகாலமாப் போன பொம்பளைப் பிள்ளையை வீட்டுச் சாமியா எடுத்து வச்சுக் கும்பிடுவாகல்ல. அது இறந்த இடத்துல இருந்து பிடிமண் எடுத்து, புதுச் சட்டியில போட்டு, மஞ்சத் துணியால வாயைக் கட்டிக் கொண்டு வந்து வாசல்ல இறக்கணும். அப்ப அது மண்ணு இல்ல, பிள்ளைதான். வந்து வாசல்ல நின்னதாத்தான் கணக்கு. குருவம்மா பேசித்தான் ஆகணும். அவ வாயால சொன்ன கெடு முடிஞ்சு போகுதுல்ல. அவளா வச்சது, நானா வச்சேன்?

இந்தா இருக்கு பாருங்க சட்டி. நேத்துத்தான் வாங்கினேன். துணியும் இருக்கு. அந்தத் தோட்டத்துல கிணத்து மேட்டுல ஒரு கைப்பிடி மண்ணு, அவ்வளவுதான். போன உடனே திரும்பினா மத்தியானச் சோத்துக்கு ஊருக்குப் போயிரலாம். எங்க ஊர்ல இருந்து பக்கம்தான. இப்பக் கூடப் பாருங்க, உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போதே வந்திருச்சு. அந்தா, பனை தெரியுது.

நீங்க சாத்தூருக்கா? ஒண்ணும் அவசரச் சோலி இல்லைன்னா ஒரு எட்டு எங்கூட வந்துட்டுப் போறீகளா? தப்பா நெனக்காதீக. மாப்பிள்ளை நல்ல மனுசன்தான், ஆனா அன்னிக்குக் கருமாதிக்கு வந்தப்பவே சரியா முகம் குடுக்கலை. வேற பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காகன்னு பேச்சு. இந்த நேரத்துல நான் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னு, கிணத்து மேட்டு மண்ணு வேணும்னு கேட்டா என்ன நெனப்பாரு? அவரு அம்மாவுக்கும் வாய் கொஞ்சம் நீளம். நாயி வேற கெடக்கு. படிச்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா கொஞ்சம் யோசிப்பாக. வேண்டாமா? சரி, சரி. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, யாரோ எவரோ.

நின்னுருச்சு. இந்த விலக்குதான்.

இல்ல, இருக்கட்டும். நீங்க காலை மடக்க வேண்டாம், உக்காருங்க. இன்னிக்குச் செவ்வாக்கிழமையில்ல? செவ்வாக்கிழமை பிடிமண் எடுக்கலாமான்னு பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வந்துட்டேன். கேக்காமச் செய்யக் கூடாது. சாமி காரியத்துல நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யக் கூடாது தம்பி.

கண்டக்டரே, அந்த டிக்கெட்டை சாத்தூருக்கு மாத்திக் குடுத்துருங்க.